பச்சைப் பொய்

"மேடம், சேட்டிலைட் படத்துல யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார் தேவசகாயம்.

ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகப் பின்லாந்துக்குப் போன மனிதர். வழிகாட்டி மங்கையர்க்கரசி அவரைவிடப் பத்து வயது சின்னவர். தேவசகாயத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது. அன்று காலையிலிருந்தே இறங்கவில்லை.

"எந்தப் படம் சார்?"

"ஏரிக்கு வடக்கே இருக்கிற ஊசியிலைக் காடு. வண்டு துளைச்சு அத்தனை மரமும் செத்துப்போச்சு. பனிக்காலத்துல நானே போய்ப் பாத்தேன். இப்ப ஜூலை மாசப் படத்துல பச்சைப் பசேல்னு இருக்கு. செத்த மரம் துளிர்க்குமா? பச்சைப் பொய் மேடம்!"

"யாரைச் சந்தேகப்படறீங்க?"

"சந்தேகமே இல்ல. ரஃபீக்தான்."

ரஃபீக் அவருடைய அறைத்தோழன். இரண்டு வருஷமாக இருவருக்கும் ஒரே குக்கரில்தான் சோறு. படங்களிலிருந்து மேகத்தை நீக்கித் தருவது அவன் வேலை.

"நேத்து மத்தியானம் என் நாற்காலியில உக்காந்து, என் கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிட்டிருந்தான். எதிர்க் கட்டிடத்து மாடியிலேருந்து ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். சாயங்காலம் டைரக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா அவன் வேலை போயிடும். விசாவும் போயிடும்."

"போகட்டும். கூட இருந்தே குழி பறிக்கிறான், பாவி!"

மங்கையர்க்கரசி கார் சாவியை எடுத்தார்.

"வாங்க, காட்டுக்குப் போயிட்டு வரலாம்."

வழியெல்லாம் தேவசகாயம் அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். இந்தம்மாவும் அவன் கட்சியோ? அட ஆண்டவரே, இனி யாரைத்தான் நம்புவது!

காட்டில் மரங்கள் செத்துத்தான் நின்றன. ஒரு இலை இல்லை. வெறும் குச்சி.

"பாத்தீங்களா? நான்தான் சொன்னேன்ல!"

"கீழே பாருங்க."

பனிக்காலத்தில் அவர் வந்தபோது தரை முழுக்க வெள்ளை. இப்போது முழங்கால் உயரத்துக்குப் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தன. மேலே நிழல் போனதும் கீழே வெயில் வந்துவிட்டது.

"சேட்டிலைட் மேலேருந்து பாக்குது. அதுக்கு இதுல எது தெரியும்?"

தேவசகாயம் அண்ணாந்து பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"பச்சைதான் தெரியும்."

"அப்ப, படம் பொய்யா?"

"இல்ல மேடம். யாரும் கை வைக்கல."

மங்கையர்க்கரசி காரை நோக்கி நடந்தார். தேவசகாயத்துக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினார்.

"படம் சரி மேடம். ஆனா அவன் என் கம்ப்யூட்டர்ல என்ன செஞ்சிட்டிருந்தான்? அதை நான் பாத்தேனே!"

மங்கையர்க்கரசி கார்க் கதவைத் திறந்தபடி கேட்டார்:

"எங்கேருந்து பாத்தீங்கன்னு சொன்னீங்க?"

"எதிர்க் கட்டிடத்து மாடியிலே..."

தேவசகாயம் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "நானும் மேலேருந்துதான் பாத்தேன் மேடம்."