தேறக்கூடாத மூட்டு

"இந்த மூட்டு இனிமேல் தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, டாக்டரம்மா. அது போதும்."

டாக்டர் பியூலா நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்களைக் கத்தி வைக்காமல் தேற்றி அனுப்புகிறவர் அவர். மறுபடி எப்போது விளையாடலாம் என்றுதான் எல்லோரும் நச்சரிப்பார்கள். ஐம்பது தாண்டிய இந்தச் சீனிச்சாமி வேறு மாதிரி கேட்டார்.

"அதுக்கு டாக்டர் எதுக்கு அண்ணாச்சி? டீக்கடையில கேட்டாலே சொல்லிருவாங்களே."

"டீக்கடையில நடிப்புங்கிறானுங்க."

வேட்டியை ஏற்றிக் காட்டினார். இடது தொடையில் பாதிதான் இருந்தது வலது தொடை. வற்றிக் கிடந்தது.

"எப்படி ஆச்சு?"

"கபடி. மறுநாள் ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. பயிற்சியில என் தம்பி பரமன் பக்கவாட்டுல வந்து மூட்டு மேல விழுந்தான். எனக்குப் பதிலா அவன் போனான்."

"தெரிஞ்சே விழுந்தாரா?"

"விழுந்தவனுக்குத்தான் தெரியும்."

"கேட்டீங்களா?"

"அன்னிக்கு விட்ட பேச்சு. இருபது வருஷமாச்சு."

"இப்ப எங்க இருக்கார்?"

"தை மாசம் செத்துப்போனான்."

சீனிச்சாமி அவராகவே மேலே சொன்னார்.

"அவன் மகன் வந்தான். பாடைக்கு ஒரு தோள் குடுங்க பெரியப்பான்னான். சுடுகாடு வரைக்கும் இந்தக் கால் வராதுடான்னுட்டேன். என் காலைப் பார்த்தான். போயிட்டான்."

டாக்டர் மூட்டை மடக்கினார், நீட்டினார், இரு பக்கமும் அசைத்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆபரேஷன்தானே?" சீனிச்சாமியின் குரலில் ஆசை இருந்தது.

"வேண்டாம். கிழிஞ்ச ஜவ்வு எப்பவோ கூடிருச்சு. தொடைச் சதைதான் வேலையில்லாம வத்திப்போச்சு. கணுக்கால்ல மணல் பையைக் கட்டித் தினமும் தூக்கி இறக்குங்க."

"தேறாது."

"செய்யாமலே சொன்னா எப்படி?"

"செஞ்சே காட்டுறேன். அப்பவாவது தேறாதுன்னு சொல்வீங்களா?"

"தேறலைன்னா சொல்றேன்."

வீட்டுக்குப் போய் வன்மத்தோடு செய்தார். தம்பியோடு பேசாமலிருந்த அதே வைராக்கியம். ஒரு நாள் தவறவில்லை.

கால் லேசாகிக்கொண்டே வந்தது. லேசாக லேசாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் கைப்பிடியைத் தொடாமல் ரேஷன் கடைப் படியேறிவிட்டார். ஏறிய பிறகுதான் தெரிந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினார். இறங்கும்போது நொண்டி இறங்கினார்.

மழைக்காலம் பிறந்ததும் மறுபடி டாக்டரிடம் வந்தார்.

"எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

"அப்படியேதான் இருக்கு."

டாக்டர் அவர் தொடையைக் கையால் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். சதை திரண்டு இறுகியிருந்தது.

"குந்தி உட்காருங்க."

"முடியாது."

"விழுந்தா நான் பிடிச்சுக்கிறேன்."

கண்ணை இறுக மூடிக்கொண்டு மெல்ல இறங்கினார். குதிகாலில் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தார். வலி வரட்டும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

"அவ்வளவுதான். எழுந்திருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. தோள்கள் குலுங்கின.

"டாக்டரம்மா. தை மாசம் இருந்த காலை வச்சுக்கிட்டு சுடுகாடு வரைக்கும் போயிருக்க முடியுமா?"

டாக்டர் நாற்காலியை விட்டு இறங்கி அவருக்கு எதிரே தரையில் குந்தினார்.

"முடிஞ்சிருக்கும், அண்ணாச்சி. நொண்டிக்கிட்டே."