நெத்திலி காயும் வரை

அந்தக் காலத்தில் காற்றுக்கு வாய் இருந்தது, காது இருந்தது, ரோஷமும் இருந்தது. அலைக்கும் நண்டுக்கும்கூடப் பேசத் தெரியும். அதனால் கடற்கரையில் சத்தத்துக்குக் குறைவே இல்லை.

எங்கள் கரைக்கு இரண்டு காற்றுகள் வந்து போய்க்கொண்டிருந்தன. மேற்கே நிலத்திலிருந்து வருகிறவன் பெயர் கச்சான். வறண்ட தொண்டைக்காரன், யாரிடமும் நின்று பேச மாட்டான். விடியும்போது வந்து, கட்டுமரங்களின் பாயைத் தள்ளிக் கடலுக்குள் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. கிழக்கே கடலிலிருந்து வருகிறவன் கொண்டல். போன மரங்களைத் திரும்பக் கரைசேர்ப்பது அவன் வேலை.

ஆனால் கொண்டல் அந்த வேலையோடு நிற்க மாட்டான். ஈரக் கை, இளகின மனசு. யாருக்காவது வேர்த்தால் அவனுக்குப் பொறுக்காது. மரங்கள் திரும்புவதற்கு வெகுநேரம் முன்னாலேயே கரையேறி, குடிசை குடிசையாக நுழைந்து, தூளியை ஆட்டி, கிழவர்களின் முதுகைத் தடவிவிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டுப் போவான். கெட்டவனாக இருந்தால் விரட்டிவிடலாம். இப்படிப்பட்ட நல்லவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தக் கரையில் செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் தாண்டவன் பிடித்து வரும் நெத்திலியை மணலில் பரப்பிக் காயவைப்பாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் கட்டுமரங்களை அவிழ்த்துக் கரையில் போட்டுவிடுவார்கள், கடலுக்கு யாரும் போக முடியாது. அந்த மாதங்களில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளவும், மேட்டு ஊர்களில் கொடுத்து நெல் வாங்கவும் கருவாடு ஒன்றுதான் கதி.

நெத்திலி காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரே வழிதான். ஒன்றை எடுத்து வளைக்க வேண்டும். படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது, துவண்டால் காயவில்லை. செம்பாயியின் நெத்திலி துவண்டுகொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறும் முன்பே கொண்டல் வந்து ஈரக் கையால் எல்லாவற்றையும் தடவிக் கொடுத்துவிடுவான். நமத்துப்போன மீனில் புழு வைக்கும். கூடை கூடையாக அள்ளிக் காக்கைக்குப் போட்டாள். போன மழைக்காலத்தில் அவள் மகள் பவளம் பசியில் அழுது அழுதே தூங்கினாள். இன்னொரு மழைக்காலம் அப்படிப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் செம்பாயியின் நினைப்பு.

வைகாசியில் ஒருநாள் வலை நிறைய நெத்திலி விழுந்தது. மறுநாள் விடிந்ததும் அதைப் பரப்பிவிட்டு, கையில் விளக்குமாற்றோடு காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள். தாண்டவனும் மற்றவர்களும் மறுபடி கடலுக்குப் போயிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் கொண்டல் வந்துவிட்டான்.

“என்னாக்கா இப்படி வேர்க்குது உனக்கு! கொஞ்சம் தள்ளு, வீசுறேன்.”

“வேணாம் தம்பி. சாயங்காலமா வா. இப்பப் போயிடு.”

“போறதா? வெயில்ல கருகிப் போயிடுவே. எனக்கு மனசு கேக்கலக்கா.”

சொல்லிக்கொண்டே நெத்திலியைப் புரட்டிப் புரட்டித் தடவினான். செம்பாயி குனிந்து ஒன்றை எடுத்து வளைத்தாள். துவண்டது. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கையிலிருந்த விளக்குமாற்றால் கொண்டலை ஓங்கி ஒன்று வைத்தாள்.

“இந்தக் கரைப்பக்கம் இனிமே தலை காட்டினே, பிஞ்சிடும்!”

விளக்குமாற்றால் அடி வாங்குவதைவிடக் கேவலம் வேறு உண்டா? அதுவும் ஊர்ப் பெண்கள் எல்லாம் பார்க்க. கொண்டல் தலையைக் குனிந்துகொண்டு தொடுவானத்துக்கு அப்பால் போய்ப் படுத்துவிட்டான்.

உச்சி தாண்டியதும் செம்பாயி ஒரு நெத்திலியை எடுத்து வளைத்தாள். படக்! இன்னொன்று. படக்! பக்கத்துக் குடிசைக் குப்பச்சியைக் கூப்பிட்டுக் காட்டினாள். குப்பச்சியும் தன் பங்குக்கு ஒடித்துப் பார்த்துவிட்டு, “இதை நாம அப்பவே செஞ்சிருக்கணும்டி” என்றாள். பவளம் நெத்திலிக் குவியலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

பிறகுதான் புழுக்கம் ஆரம்பித்தது. தென்னங்கீற்று ஒன்றுகூட அசையவில்லை. கட்டின புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஜாடியில் இருந்த உப்பு நீர்த்துப்போனது. நாய்கள் கரையோரத் தண்ணீரில் போய்ப் படுத்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. பொழுது மேற்கே சாய்ந்தும் தணியவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே குப்பச்சி கடலைப் பார்த்தாள்.

“ஏன்டி, இந்நேரத்துக்கு மரமெல்லாம் வந்திருக்கணுமே? ஒண்ணையும் காணோமே?”

செம்பாயிக்கு அப்போதுதான் உறைத்தது. பாயைத் தள்ளிக் கரைக்குக் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? வெகு தூரத்தில் ஒரு காவிப் பாய் தெரிந்தது. அவளே மரப்பட்டை காய்ச்சிச் சாயம் ஏற்றிய பாய், தாண்டவனுடையது. அது துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்க ஆள் இல்லாததால் கச்சான் மெல்ல மெல்லத் தலைதூக்கினான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே தள்ளுவதுதானே! பாய் சிறுத்துக்கொண்டே போனது.

செம்பாயி தண்ணீருக்கு ஓடினாள். “தம்பி! கொண்டலு! வாய்யா!” என்று கத்தினாள்.

ஒரு அலை போய்த் திரும்பி வந்தது. “வர மாட்டானாம். உன் குரலே காதுல விழக் கூடாதுன்னுட்டான்.”

அவள் திரும்பி நெத்திலி காயும் மேட்டுக்கு வந்தாள். அப்போது மேட்டிலிருந்த வளையை விட்டு ஒரு மணல் நண்டு வெளியே வந்தது. சுடு மணலில் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளியது.

“யக்கா, நீ பேசினாக் காரியம் கெட்டுடும். நான் பேசுறேன். எனக்கும் கால் வேகுது.”

“போய்ச் சொல்லு. அடிச்சது தப்புதான். ஆனா சொன்னாக் கேக்கணும்ல? ஊரு நெத்திலியப் பூரா புழுக்க வெச்சானே, அதுக்கு என்னா பதில்னு கேளு.”

நண்டு ஓடியது. அலையிடம், “அடிச்சது தப்புன்னு அக்கா சொல்லுது” என்றது. மீதியை வழியிலேயே விட்டுவிட்டது. அலை போய் வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடி வந்தது.

“யக்கா, எதுக்கு அடிச்சேன்னு நெசமாவே அவனுக்குத் தெரியலையாம். உனக்கு வேர்க்குதேன்னுதான் வந்தானாம்.”

செம்பாயி மணலில் உட்கார்ந்து அழுதாள். போ, போ என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஏன் போகச் சொல்கிறாள் என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லை. பவளத்தின் பசியைப் பற்றி அவனிடம் வாய் திறந்ததே இல்லை. கடலில் இருந்து வருகிறவனுக்குக் காய்வது என்றால் என்ன என்று எப்படித் தெரியும்?

காய்ந்த நெத்திலி ஒன்றை எடுத்து நண்டின் கொடுக்கில் வைத்தாள். “இதை அவனுக்குக் கேக்குற மாதிரி ஒடி.”

நண்டு தண்ணீர் ஓரத்துக்குப் போய் அழுத்தியது. படக்! அந்தச் சத்தத்தைக் கச்சான் தூக்கிக்கொண்டு போனான். தொடுவானத்தில் படுத்திருந்த கொண்டல் எழுந்து உட்கார்ந்தான். “இது என்னா சத்தம்?” என்று அலையிடம் கேட்டனுப்பினான்.

நண்டு சொன்னது: “இதுதான் பவளத்தோட மழைக்காலச் சோறு. நீ தொட்டா இந்தச் சத்தம் வராது.”

அலை போனது. திரும்பி வர வெகு நேரம் ஆனது.

“இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனேன்னு அழுவுறான்” என்றது. “இனிமே அந்தச் சத்தம் கேட்ட பெறகுதான் வருவானாம். ஆனா கச்சான் இல்லாத நேரம் அவ்வளவு தூரத்துக்கு அது கேக்காதே, யாரு வந்து சொல்றதுன்னு கேக்குறான்.”

“நான் ஒடிச்சுப் பாத்து ஓடியாந்து சொல்றேன்” என்றது நண்டு. “ஒடிச்ச நெத்திலி எனக்கு.”

“சொல்ல வரலேன்னா?” என்று கேட்டது அலை.

“வரலேன்னா இன்னும் காயலேன்னு அர்த்தம். அவனும் வர வேணாம்.”

“இன்னொண்ணும் சொன்னான். அவன் வரும்போது அக்கா கையில வெளக்குமாறு இருக்கக் கூடாதாம்.”

செம்பாயி அழுத கண்ணோடு சிரித்துவிட்டாள். எழுந்து போய் விளக்குமாற்றைக் குடிசைக்குப் பின்னால் வீசிவிட்டு வந்தாள். இனி சாயங்காலத்தில் அதைத் தொடவே மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

முதலில் நெற்றியில் அந்த ஈரக் கை பட்டது. பிறகு பிடரி வேர்வை குளிர்ந்தது. தென்னங்கீற்று சலசலத்தது, தண்ணீரில் கிடந்த நாய்கள் எழுந்து உடம்பை உதறின. பெண்கள் எல்லோரும் கடலைப் பார்த்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் காவிப் பாய் உப்பியது. அதன் பின்னாலேயே மற்றப் பாய்களும் உப்பி வருவதைப் பார்த்ததும் செம்பாயி பவளத்தைத் தோளில் தூக்கி வைத்து அப்பன் பாயைக் காட்டினாள்.

பொழுது விழும் நேரத்தில் தாண்டவன் கரையேறினான். தோள் இரண்டும் துடுப்புப் போட்டு வீங்கியிருந்தன.

“காத்தே செத்துப் போச்சுடி இன்னிக்கு! ஊருல எவளோ என்னமோ பண்ணியிருக்கா.”

“எவளோ பண்ணியிருப்பா. நீ சாப்புட வா.”

குப்பச்சி வாயைப் பொத்திக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. செம்பாயி வீட்டுப் பானை நிறையக் கருவாடு இருந்தது. பவளம் கஞ்சி குடித்துவிட்டு, மழைச் சத்தத்தைக் கேட்டபடி அழாமல் தூங்கினாள். வெயில் திரும்பியதும் நண்டு தன் வேலைக்கு வந்தது. ஒடிக்கும், ஓடும், சொல்லும், திரும்பும். யாரும் அதைக் கருவாட்டுப் பக்கத்திலிருந்து விரட்டவில்லை. ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே! சில நாள் எவனாவது அதைத் துரத்திவிடுவான். நண்டு வளைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சொல்ல ஆள் வராததால் கொண்டலும் அங்கேயே காத்துக் கிடப்பான்.

அன்று முதல்தான் கடற்காற்று உச்சி வெயில் தாண்டி, நெத்திலி காய்ந்த பிறகு கரையேறுகிறது. மணல் நண்டு அலைக்கும் மேட்டுக்குமாக ஓடி ஓடித் திரும்புகிறது. காற்று வராமல் புழுங்கித் தவிக்கும் நாளில் எங்கள் கரைப் பெண்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை, பிள்ளைகளைப் பார்த்து, “எவன்டா நண்டைத் துரத்தினது?” என்றுதான் கேட்கிறார்கள்.