ஏரி பார்த்த வீடு

"ஏரியைக் காணோம், டாக்டரம்மா."

நவமணி டாக்டர் கையிலிருந்த கத்தியைத் தட்டில் வைத்தார்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"தை வரைக்கும் இருந்துச்சு."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குனி வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டை விக்கப் போறேன்," என்றார்.

டாக்டர் மறுபடியும் கத்தியை எடுத்தார்.

ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஏரியோரம் கட்டிய குடியிருப்பு அது. எல்லா வீடுகளும் ஏரி பார்த்தவை. ஒன்றே ஒன்று மட்டும் பின்பக்கம், பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நின்றது. நவமணி அதைத்தான் கேட்டு வாங்கினார். ஏன் என்று கேட்டவர்களிடம், "பஸ் தினமும் வருது," என்றார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் மயக்க மருந்து டாக்டர். எத்தனையோ பேரைத் தூங்க வைத்தவர். இப்போது குடியிருப்பில் யாருக்குத் தூக்கம் போனாலும் அவர் வாசலுக்குத்தான் வந்தார்கள். மாத்திரை கேட்டு வருவார்கள். மாத்திரை கிடைக்காது. வேறு ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு, அது என்னவென்று யோசித்தபடியே திரும்பிப் போவார்கள்.

சிற்றம்பலம் வந்தது இதுதான் முதல் முறை.

"ஏரி பார்த்த வீடுன்னு சொல்லி வித்தாங்க," என்றார். "இப்போ அடுத்த வீட்டு உஸ்மான் சொல்றாரு, இது எருமை பார்த்த வீடாம். காலையில எழுந்தா எருமை நம்மளைப் பாக்குது, நாம எருமையைப் பாக்குறோம்."

"எருமை குறை சொல்லுதா?"

"டாக்டரம்மா, நான் விளையாட்டுக்கு வரலை."

அவர் வந்தது விளையாட்டுக்கு இல்லைதான்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அவர் தலை நரைத்தது. நரைத்ததா தூசியா என்று பல காலம் அவருக்கே தெரியவில்லை. வேப்பிலையில் தூசி, பால் பாத்திரத்தில் தூசி, புருவத்தில் தூசி. அலுவலக அறைச் சுவரில் ஒரு நாள்காட்டிப் படம் தொங்கியது. பனி மூடிய ஏரி, அதில் ஒரு படகு. வருஷம் முடிந்து நாள்காட்டி குப்பைக்குப் போனபோதும் படத்தை மட்டும் வெட்டி மறுபடி ஒட்டிக்கொண்டார். அரவை இயந்திரம் கட்டிடத்தையே உலுக்கும்போது அந்தப் படகில் ஏறிப் படுத்துக்கொள்வார். மனசுக்குள்தான்.

பணி முடிந்து ஆலையிலிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் தீராத இருமலும்.

வீடு பார்க்க வந்தது கார்த்திகையில். நல்ல மழை பெய்திருந்த வருஷம். வீட்டுப் பின்படியின் கடைசிக் கல்லைத் தண்ணீர் வந்து தட்டிவிட்டுப் போனது. மறுபடி வந்தது. மறுபடி தட்டியது.

அவர் தண்ணீர் வசதி கேட்கவில்லை, மின்சாரம் கேட்கவில்லை. "எங்கே கையெழுத்து போடணும்?" என்றுதான் கேட்டார். அப்புறம் நினைவு வந்து மனைவி பக்கம் திரும்பினார்.

"என்ன மங்கை?"

"உங்க இஷ்டம்," என்றாள் மங்கையர்க்கரசி.

அவள் அப்படித்தான். மாற்றல் வந்தபோதும், மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்றபோதும், சுவருக்கு என்ன வர்ணம் என்றபோதும் அந்த இரண்டு வார்த்தைதான். "எங்களுக்குள்ள ஒரு பேச்சு தடிச்சதில்லை," என்று சிற்றம்பலம் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லுவார்.

மார்கழி முழுதும் அவர் தரையில் இல்லை. விடிந்ததும் மாடியில் நாற்காலி. காலடியில் ஏரி. வெயில் ஏறினால் தண்ணீரின் வெளிச்சம் ஜன்னல் வழியே உள்ளே வந்து கூரையில் நெளியும். மதியம் படுத்தால் கட்டில் மெல்ல அசைந்து எங்கோ மிதந்து போவது போலிருக்கும். எங்கே போகிறோம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு நிம்மதி.

தை பிறந்ததும் தண்ணீர் படியை விட்டு இறங்கியது. சொல்லிக்கொள்ளாமல், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக. வீடுகள் இருந்தது ஏரியின் மேட்டுப் பக்கம். முதலில் வற்றுவது அந்தப் பக்கம்தான். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

சேறு தெரிந்த அன்று சிற்றம்பலம் ஏரிப்பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். அதன் பிறகு அவர் திறக்கவில்லை.

"வர்ற ஞாயிறு ஒருத்தர் வீடு பார்க்க வர்றார்," என்றார் டாக்டரிடம். "முன்பணத்தோட. குடுக்கறதா, வேண்டாமா? எனக்கு அது கூடப் பெரிசில்லை, டாக்டரம்மா. நான் எதுக்கு இங்கே வந்தேன்? அதைச் சொல்லுங்க."

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"அவ என்ன சொல்லுவா? உங்க இஷ்டம்னுட்டா."

டாக்டர் தட்டிலிருந்த வெள்ளரிக்காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவினார். ஒரு பாதியை நீட்டினார்.

சிற்றம்பலம் காத்திருந்தார். வேறொன்றும் வரவில்லை. டாக்டர் மற்ற பாதியைக் கடிக்கத் தொடங்கிவிட்டார்.

அவர் எழுந்து, பாதி வெள்ளரிக்காயைக் கையில் ஏந்தியபடி வீட்டுக்கு நடந்தார்.

சாப்பாட்டு மேஜையில் அதை வைத்து, எதிரே உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார்.

"தின்னாம எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்று மங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"டாக்டரம்மா குடுத்தது. இதுல ஏதோ இருக்கு."

"விதை இருக்கும்."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

அவள் கிட்டே வந்து வெள்ளரிக்காயைப் பார்த்தாள். "சுத்திச் சுத்தி இங்கேயே வந்துருச்சா?" என்று உதட்டுக்குள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். என்ன சொன்னாய் என்று அவர் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய்ப் பச்சடி, வெள்ளரிக்காய்க் கூட்டு.

"இன்னைக்குமா?" என்றார்.

"வெயிலுக்கு நல்லது."

அவர் இரண்டையும் பிசைந்து சாப்பிட்டார். கண் மட்டும் மேஜையில் இருந்த பாதியை விட்டு அகலவில்லை.

மறுநாள் மாலை, சிற்றம்பலம் முகம் மலர டாக்டரின் வாசலுக்குப் போனார்.

"பிடிபட்டுடுச்சு, டாக்டரம்மா. மேலே பச்சைத் தோல், உள்ளே எல்லாம் தண்ணி. வெளியே ஏரியைத் தேடாதே, உனக்குள்ளேயே இருக்கு. அதானே?"

"சார், வெயில்ல வந்தீங்களேன்னு குடுத்தேன்."

சிற்றம்பலத்தின் முகம் சுருங்கியது.

"ருசி எப்படி இருந்துச்சு?"

"பிரிட்ஜ்ல வெச்சிருக்கேன்."

"தினமும் உங்க வீட்ல வெள்ளரிக்காய்தானாமே. அதுவாவது ருசியா இருக்கா?"

"இருக்கும்."

"எங்கேருந்து வருது?"

"மங்கை வாங்குவா. கடையிலதான்... வண்டியில யாராவது கொண்டுவருவாங்களா இருக்கும்." சொல்லும்போதே தனக்கு அது தெரியாது என்பது அவருக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. "நான் ஏரி எங்கே போச்சுன்னு கேட்டா நீங்க காய்கறி விசாரிக்கிறீங்க!"

எதிரே நின்று கிளம்பிய பஸ்ஸை, அது திருப்பத்தில் மறையும்வரை டாக்டர் பார்த்தார்.

"விடிஞ்சதும் வாங்க," என்றார். "ஒரு நாற்காலி எடுத்துக்குங்க."

சிற்றம்பலம் எழுந்தபோது மங்கையின் படுக்கை காலியாக இருந்தது. கோலம் போடப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் முன்னால் நடந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைகீழாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிற்றம்பலம் பின்னால். குடியிருப்பின் கோடியில் ஒரு சரிவு இருந்தது. அதில் இறங்கினார்கள்.

ஏரிக்குள் அவர் கால் வைப்பது அப்போதுதான்.

ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்த மண். பாளம் பாளமாக வெடித்து, நடக்கையில் மெத்தென்று அமுங்கியது. தரையிலிருந்து வெளுப்பாக ஏதோ எழும்பி முழங்கால் வரை நின்றது. பனியா, மண்ணின் மூச்சா, சொல்ல முடியவில்லை. அதற்குள் கால்கள் தெரியவில்லை. டாக்டர் நடப்பது மிதப்பது போலிருந்தது. தானும் அப்படித்தான் மிதக்கிறோமா என்று பார்க்கச் சிற்றம்பலம் குனிந்தார். நாற்காலி இடித்தது.

"இங்கே எவ்வளவு தண்ணி நின்னிருக்கும்?" என்றார்.

டாக்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

அவர் அண்ணாந்து பார்த்தார். மார்கழியில் தன் கட்டில் மிதந்துபோன இடம் அங்கே எங்கேயோ, தலைக்கு மேலே இருந்தது. இப்போது அதன் அடியில் நடக்கிறார். காதுக்குள் ஒரு நிசப்தம். ஒரு கொக்கு ஓசையில்லாமல் குறுக்கே போனது.

வெகுதூரத்தில் ஏரியின் கரை. அதன் மேல் பனைமரங்கள், பாதி வரைந்துவிட்ட கோடுகள் போல. கரையடியில் மிச்சத் தண்ணீர் ஒரு தகடாகக் கிடந்தது.

"இங்கேயே போடுங்க," என்றார் டாக்டர்.

சிற்றம்பலம் நாற்காலியைத் தண்ணீர் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். கண் நிறைந்தது. "இருக்கு, டாக்டரம்மா! அதோ இருக்கு!"

"எழுந்திருங்க."

எழுந்தார். டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"இப்போ உட்காருங்க."

எதிரே குடியிருப்பு. ஒரே வர்ணத்தில், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். படிகளோரம் ஆளுயரத்துக்கு எழுந்திருந்த வெளுப்புக்கு மேலே மாடிகள் மட்டும் மிதந்தன.

"உங்க வீடு எது?"

அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடினார். மறுபடியும் தேடினார்.

"இங்கேருந்து பார்த்தா... தெரியலையே."

"அவசரமில்லை."

வெயில் ஏறியது. தரையில் நின்ற வெளுப்பு மெல்லக் கரைந்து விலகியது. வீடுகளின் உடல் தெரிந்தது, பின்படிகள் தெரிந்தன. படிகளுக்குக் கீழே ஒரு பச்சை.

நீளமான பச்சை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, அது விட்டுப் போன ஈரத்தில் விதை ஊன்றுவது அந்த ஊர் வழக்கம். வெள்ளரிக் கொடிகள் படியோரம் தொடங்கி ஏரிக்குள் வெகுதூரம் இறங்கியிருந்தன. சாத்திய ஜன்னல்களுக்கு நேர் கீழே.

பச்சைக்குள் மனிதர்கள் குனிந்து நிமிர்ந்தார்கள். சேலைகள். ஊர்ப் பெண்கள் போலிருந்தது. அவர்கள் நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி.

சிற்றம்பலம் கண்ணைச் சுருக்கினார்.

"அது என் ஹெல்மெட்."



மஞ்சள் ஹெல்மெட் குனிந்து ஒரு குழியில் தண்ணீர் மொண்டது. கொடி கொடியாக ஊற்றிக்கொண்டு நடந்தது. பக்கத்திலிருந்தவள் ஏதோ சொன்னாள். சட்டென்று ஒரு சிரிப்பு எழுந்து வெட்டவெளியில் உருண்டு வந்தது. தொண்டை திறந்த, கூச்சமில்லாத சிரிப்பு.

"யாரு சிரிக்கிறது?"

"தெரியலையா?"

அவருக்குத் தெரியவில்லை. ஹெல்மெட் பின்னால் சாய்ந்து குலுங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அந்தச் சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. அரவை இயந்திரத்தின் இரைச்சலில் கேட்கவில்லையா, இல்லை, இருக்கவே இல்லையா?

அவர் எழுந்தார்.

காலியான நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்துகொண்டார். "நாற்காலி இருக்கட்டும். நான் கொண்டுவரேன்."

போன வழியை விட வந்த வழி நீளமாக இருந்தது. நடுவில் எங்கோ செருப்பு சேற்றில் மாட்டியது. இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டு நடந்தார்.

அவரைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மங்கை ஹெல்மெட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். நெற்றியில் அதன் விளிம்பு பதிந்திருந்தது.

"ஏங்க, வெயிலுக்குத்தான் எடுத்தேன். துடைச்சு வெச்சிடறேன்."

அவள் கால் கணுக்கால் வரை மண். இடுப்பில் முந்தானையைச் சொருகியிருந்தாள். கொடிகளுக்குள் மஞ்சள் பூக்கள். அவற்றின் அடியில் பூனைமயிர் போர்த்த, விரல் நீளக் காய்கள். அவர் தினமும் பிசைந்து சாப்பிட்டது.

"எப்போலேருந்து?"

"தையிலேருந்து. இந்தத் துண்டு நிலத்தை நீ பார்த்துக்கோக்கான்னு குடுத்தாங்க." பக்கத்திலிருந்த பெண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லவே இல்லையே, மங்கை."

"ஜன்னலைச் சாத்திட்டீங்களே."

அவர் சாத்திய ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தார். இருமினார்.

"ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க."

"ம்."

"வீட்டைக் குடுத்துடட்டுமா?"

கேட்டுவிட்டு நின்றார். வரப்போகும் இரண்டு வார்த்தைகளும் அவருக்கு மனப்பாடம். இந்தத் தடவை அவை வரக் கூடாதே என்றிருந்தது. மங்கை வாயைத் திறந்தாள். மூடினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி, அவர் நின்ற இடத்துக்கு வந்தது.

"காலை எடுங்க," என்றாள். "பிஞ்சை மிதிக்கிறீங்க."