கரடி போர்த்திய கண்ணாடிக் குடில்

மலைக்காட்டின் விளிம்பில், கண்ணாடி போல வெயில் ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட் போட்ட குடில் ஒன்று இருந்தது. அங்கே பூ வளர்த்தவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். மார்கழியில் புல்லிலெல்லாம் உறைபனி படிந்தபோது, குளிருக்கு ஒதுங்க இடம் தேடி கருத்தான் என்ற கரடி அதற்குள் நுழைந்தது.

நுழைந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. வெளியே மூக்கு நுனி விறைத்தது. உள்ளேயோ இளஞ்சூடு! வெயில் ஷீட்டின் வழியே தாராளமாக வந்து மண்ணைச் சூடாக்கியது. அந்தச் சூடு வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. கருத்தான் குட்டிக்கரணம் போட்டது. ஊரைக் கூட்டியது. மிளகி என்ற முயல் தன் குட்டிகளோடு வந்தது. குத்தூசி என்ற முள்ளம்பன்றியும் வந்தது. பகலெல்லாம் ஒரே கும்மாளம்.

ஆனால் கருத்தானுக்கு ஆசை அடங்கவில்லை. ஒரு ஷீட்டுக்கே இவ்வளவு சுகம் என்றால் இன்னும் போர்த்தினால் எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டது. மூலையில் கிடந்த சுருள்களை எல்லாம் இழுத்து வந்து கூரைமேல் போர்த்தியது. இடுக்குகளைச் சேறு பூசி அடைத்து, வாசலையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. வேர்க்கிறது என்று மிளகி முறையிட்டபோது, பழகிவிடும் என்று சமாதானம் சொன்னது.

பனி விலகி வெயில் ஏறிய ஒரு நாள், குடில் அடுப்பாய்க் கொதித்தது. முயல்குட்டிகள் துவண்டு சாய்ந்தன. கருத்தானுக்கே கண் இருட்டியது. தானே இறுக்கிக் கட்டிய வாசலை அவிழ்க்கப் போய், முடிச்சு எங்கே என்று தெரியாமல் தொப்பென்று விழுந்தது.

"குத்தூசி அண்ணே, முதுகைத் திருப்புங்க!" என்று மிளகி கத்தியது.

குத்தூசி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு சுவரை உரசியபடி ஓடியது. சர்ரென்று ஷீட் கிழிந்தது. குளிர்ந்த காற்று குபுகுபுவென்று பாய்ந்தது. குட்டிகள் தும்மிக்கொண்டே எழுந்தன. கிழிந்த ஷீட் முள்ளில் மாட்டிக்கொள்ள, குத்தூசி புது மாப்பிள்ளை அங்கவஸ்திரம் போல அதை இழுத்துக்கொண்டு நின்றது. படுத்துக் கிடந்த கருத்தானுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு அது வெட்கத்தோடு ஒரே ஒரு ஷீட்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உருவிப் போட்டது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது, தூர தேசத்திலிருந்து வந்த வாலாட்டிக் குருவி. பூமிக்கும் இப்படி ஒரு போர்வை உண்டு என்று அது சொன்னது. காற்றில் கலந்த நீராவியும் கரியமில வாயுவும்தான் அந்தப் போர்வை. அது இல்லாவிட்டால் எல்லாரும் விறைத்துப்போவோம். ஆனால் மனிதர்கள் நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து, காட்டையும் அழித்து, அதைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறார்களாம்.

"சூடு தாங்காவிட்டால் அவர்கள் எந்த வாசல் வழியாக ஓடுவார்கள்?" என்று கருத்தான் கேட்டது.

"பூமிக்கு ஏது வாசல்?" என்றது குருவி. "அவர்களும் நாமும் ஒரே குடிலுக்குள்தான் இருக்கிறோம்."

நம்மைக் காக்கும் போர்வையே அளவு மீறினால் நம்மை வேகவைத்துவிடும். ஆகவே ஓடிப்போக வேறு இடமில்லாதவர்கள், மயங்கி விழுவதற்கு முன்பே அதைத் தடிமனாக்குவதை நிறுத்த வேண்டும்.