வாடிக்கையாளர் வந்திருக்கிறார்

ஆம்பூரில் ஒரு செருப்புக் கம்பெனி திவாலானது. அதன் பொறுப்பை நீதிமன்றம் சொத்துகளை விற்றுக் கடன்களை அடைக்கும் ஒரு கலைப்பாளரிடம் ஒப்படைத்தது. முதலாளியோ பணத்தையெல்லாம் கம்பெனி பெயரிலேயே ஒரு சிங்கப்பூர் வங்கிக் கணக்குக்குக் கடத்தியிருந்தார். அந்தக் கணக்கு விவரம் கிடைத்தால்தான் நானூறு தொழிலாளிகளுக்குச் சம்பளம் கிடைக்கும். கலைப்பாளர் தன் குமாஸ்தா பூங்காவனத்தை அங்கே அனுப்பினார்.

வங்கி மேலாளர் தனராஜ் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "அம்மா, இது ஆம்பூர் இல்ல. வாடிக்கையாளர் கேட்டா அன்னைக்கே குடுப்போம். மத்தவங்க தலைகீழா நின்னாலும் ஒரு தாள் கிடைக்காது."

"வெறுங்கையோட போனா எங்க ஐயா திட்டுவார். இதையே எழுதிக் குடுங்க சார்," என்றாள் பூங்காவனம் பாவமாக.

அவர் பெருமையாக எழுதி முத்திரையும் குத்தினார்.

அதைப் பத்திரப்படுத்திவிட்டு, சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்தின் உத்தரவைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள். "கம்பெனி அதிகாரமெல்லாம் இனிமே எங்க ஐயாவுக்குத்தான்னு உங்க ஊர் கோர்ட்டே ஒத்துக்கிச்சு சார். அப்போ வாடிக்கையாளர் நாங்கதானே? அன்னைக்கே குடுப்போம்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

தனராஜ் இரண்டு முறை படித்தார். பிறகு தானே எழுந்துபோய்க் கோப்புகளைக் கொண்டுவந்தார். குரல் இறங்கியிருந்தது. "காப்பி வேணுமா?"

"ரெண்டு காப்பி சார். ஒண்ணு நான் குடிக்க, ஒண்ணு கோர்ட்டுல குடுக்க."