சாணத்துக்குக் காத்திருந்த அதிகாரி

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ராஜா வழுக்கி விழுந்தது வலப்பக்கமா, இடப்பக்கமா என்று எனக்கு நிச்சயமில்லை. விழுந்தது நிச்சயம்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மஞ்சநல்லூரைக் கோலாகலவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் நகர்வலம் போனவர் சாணத்தில் கால் வைத்து விழுந்தார். எழுந்த கையோடு ஆணை போட்டார்: "சாணம் கிடக்கிற தொழுவத்தில் மாடு இருக்கக் கூடாது. சுத்தமான தொழுவத்துக்கு மாற்றிவிட வேண்டும்."

சோதனை போடும் வேலை அரண்மனை அதிகாரி வில்லவராயருக்கு. அரண்மனைத் தொழுவமும் அவர் பொறுப்புதான். அவருக்குத் தயிர் விற்கும் பேச்சாயி என்றாலே வயிற்றெரிச்சல். "அரண்மனைத் தயிர் வெறும் தண்ணீர். பேச்சாயி வீட்டுத் தயிர்தான் தயிர்" என்று ராஜா ஒருமுறை சபையில் சொல்லிவிட்டார்.

பேச்சாயிக்கு இருந்தது ஒரே மாடு, செவலை. அது போனால் அடுப்பு எரியாது. தொழுவத்தைக் கழுவிப் பளிச்சென்று வைத்திருந்தாள். வில்லவராயர் வந்தார், பார்த்தார், முக்காலி ஒன்றைப் போட்டு மாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் என்ன சாமி பார்க்கணும்?"

"போடட்டும். இருக்கேன்."

"மாடுன்னா போடத்தானே சாமி செய்யும்?"

"அதுக்குத்தான் இருக்கேன்."

செவலை போட்டது. பேச்சாயி அள்ளக் குனிவதற்குள் கூட வந்த காவலர்கள் மாட்டை அவிழ்த்து ஓட்டிப்போய்விட்டார்கள். இப்படியே ஊர் மாடெல்லாம், சுத்தமான இடம் என்று, அரண்மனைத் தொழுவத்துக்குப் போயிற்று.

பேச்சாயி சபைக்குப் போய்க் கும்பிட்டாள். "மாட்டைத் திருப்பிக் கேட்க வரலை மகாராஜா. அது சுத்தமான இடத்துலதான் இருக்குன்னு நீங்களே பார்த்துச் சொன்னா நிம்மதியாப் போவேன்."

"வெளியே வெயில் அதிகம் மகாராஜா" என்றார் வில்லவராயர் அவசரமாக.

"என் தொழுவத்துக்குப் போக எனக்கென்ன ஓய் வெயில்?" என்று ராஜா முன்னால் நடந்தார். ஊர் மாடு முழுக்க ஒரே இடத்தில் போட்டால் எப்படி இருக்கும்? முதல் அடியிலேயே மறுபடி விழுந்தார். கிரீடம் தனியாகப் போய் விழுந்தது.

விழுந்த இடத்திலிருந்தே கேட்டார்: "ஓய், நாட்டில் சுத்தமான தொழுவம் எங்கேதான் இருக்கிறது?"

பேச்சாயி சொன்னாள்: "எங்க வீட்டுல இருக்கு மகாராஜா. மாடே இல்லையே. எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆணைப்படி மாடுகளை அங்கே மாற்றுங்கள். பேச்சாயிக்குக் கன்றோடு ஒரு பசுவும் கொடுங்கள். வில்லவராயரே, காத்திருப்பதில் நீர் கெட்டிக்காரர். நாளையிலிருந்து பட்டத்து யானைக்குப் பின்னால் கூடையோடு காத்திரும்."

மாடு திரும்பியும் பேச்சாயிக்குப் பயம் போகவில்லை. ராஜாவின் புத்தி நாளைக்கு எப்படித் திரும்புமோ. ஆணையும் அப்படியேதான் இருந்தது. அதனால் விழுகிற சாணத்தையெல்லாம் அப்போதைக்கப்போதே உருட்டிப் பிடித்து, உச்சியில் அருகம்புல் செருகிப் பிள்ளையாராக்கி வரிசையாக வைத்துவிட்டாள்.

அடுத்து சோதனைக்கு வந்த அதிகாரி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியே திரும்பிப் போனார்.