பூவின் அடியும் புலவர் அடியேனும்

முன்னொரு காலத்தில் பனிக்குடி என்னும் மலைநாட்டைத் தென்னவராயன் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றவே அவனுக்குப் பொழுது போதவில்லை.

பிறந்தநாளன்று மலைச்சரிவில் பூக்கும் மஞ்சள் கிண்ணப்பூவைக் காதில் செருகிக்கொள்வது அவன் வழக்கம். பறித்துத் தருபவள் எருமை மேய்க்கும் மாதி. இந்த வருடம் அந்தப் பெருமையை அவைப்புலவர் கொத்துமாலையார் பிடுங்கிக்கொண்டார். வாயைத் திறந்தால் 'அடியேன்'. வணங்கினால் நெற்றி முழங்காலில் இடிக்கும். அவர் செருகிய பூவால் அரசன் காது பணியாரமாக உப்பிக் கொப்பளித்தது.

"அடியேன் வைத்தது அதே பூதான். இவள் பொறாமையில் பூவுக்குச் செய்வினை வைத்துவிட்டாள்" என்று அவைக்கு வரவழைக்கப்பட்ட மாதியைக் காட்டினார் புலவர்.

"அப்படியானால் இனி அந்தச் சரிவில் இவள் மாடு மேயக்கூடாது" என்றான் அரசன்.

சரிவு போனால் மாதியின் பதினாறு எருமைகளும் எதைத் தின்னும்? ஆனாலும் அவள் நிதானமாகச் சொன்னாள்: "சாமி, பூ ரெண்டு வகை. அக்கா தங்கச்சி மாதிரி. ஒண்ணு சாது, ஒண்ணு பொல்லாதது. அடியில இருக்கிற பச்சை இதழ் கீழே மடங்கிக் கிடந்தா அது பொல்லாதது."

"ஐந்து இதழ், ஒரே மஞ்சள், ஒரே பளபளப்பு. இரண்டும் ஒன்றுதான்" என்றார் புலவர்.

"ஒண்ணாவே இருக்கட்டும். ரெண்டையும் கலந்து தட்டுல வைக்கச் சொல்லுங்க. ஐயா ஏதாவது ஒண்ணை எடுத்துத் தன் காதுல வச்சுக்கட்டும். செய்வினைக்குப் பயந்தா, அதை நான் இப்பவே எடுத்துட்டேன்னு வச்சுக்குங்க."

தட்டு வந்தது. புலவர் சிரித்துக்கொண்டே ஒரு பூவை எடுத்தார். காதருகே போன கை நின்றது. பூவை மெல்லத் திருப்பி அடியைப் பார்த்தார். அதைத் தட்டிலேயே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

"இரண்டும் ஒன்று என்றால் எதற்கு ஐயா திருப்பிப் பார்க்கிறீர்?" என்றான் அரசன். "தினம் நூறு தடவை அடியேன் என்பவருக்கு இன்றுதான் அடி ஞாபகம் வந்ததா?"

அரசன் சரிவை மாதிக்கே கொடுத்துவிட்டு, "பொல்லாததை நான் எப்படி மறக்காமல் இருப்பது?" என்று கேட்டான்.

"சுலபம் சாமி. மேலே பளபளன்னு சிரிச்சுக்கிட்டு, கீழே அளவுக்கு மீறி வளைஞ்சு கிடந்தா, அதைக் காதுகிட்ட சேர்க்காதீங்க."

அரசன் காதைத் தடவிக்கொண்டே அவையைச் சுற்றிப் பார்த்தான். அதுவரை வளைந்து நின்ற அத்தனை பேரும் சட்டென்று நிமிர்ந்தார்கள். முதுகுகள் சொடுக்கிய சத்தம் சரிவில் மேய்ந்த எருமைகளுக்கே கேட்டதாம்.